சந்தேகமே இல்லீங்க

பேத்தி இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டவுட், சஸ்பிஷன், ஹெசிடேஷன், டைலமா என்று மனசு ஊசலாடுவதற்கு மட்டும் வெள்ளைக்காரன் ஒரு கூடை வார்த்தை வைத்திருக்கிறான். "டவுட்டுக்கும் சஸ்பெக்டுக்கும் என்ன தாத்தா வித்தியாசம்?" என்றாள். எனக்குச் சட்டென்று வறுத்த மல்லாட்டை வாசனை வந்தது; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

யுத்த காலத்தில் நான் திண்டிவனம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். என் இங்கிலீஷ் விரலோடு சரி, மண்டைக்குள் ஏறவில்லை. கோர்ட் வாசலில் மல்லாட்டை வறுத்து விற்பார்கள். எண்ணெய்க் கறை படாமல் நான் ஒரு காகிதம் அடித்ததாக ஞாபகமில்லை. மாஜிஸ்திரேட் மலையாளத்துக்காரர், தமிழ் அரைகுறை. சாட்சி சொல்வதை என் சிநேகிதர் சாமிநாதன் இங்கிலீஷில் சொல்ல, மாஜிஸ்திரேட் எழுதிக்கொள்வார். சாமிநாதனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது மாஜிஸ்திரேட்டின் சிபாரிசில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வந்த கேஸும் மல்லாட்டைக் கேஸ்தான். விக்கிரவாண்டிப் பக்கம் குப்பம்மாள் என்பவரின் களத்தில் மூட்டைகள் திருட்டுப் போயிருந்தன. காவலுக்கு இருந்த கோவிந்தன் மேல் அவருடைய கொழுந்தனார் புகார் கொடுத்திருந்தார். சாட்சி சொல்ல வந்த குப்பம்மாள், "இவன் மேல எனக்குச் சந்தேகமே இல்லீங்க" என்றார். சாமிநாதன் மளமளவென்று, "ஐ ஹேவ் நோ டவுட் அபவுட் ஹிம்" என்றார். திருடன் இவன்தான், அதில் ஐயமே இல்லை என்று எடுத்துக்கொண்ட மாஜிஸ்திரேட் தலையாட்டியபடி எழுதினார். கோவிந்தனோ, அம்மா நல்லபடியாகச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தான்.

மத்தியானம் ஓட்டலில் இலைமுன் உட்கார்ந்த சாமிநாதனின் கை ரசத்தில் அப்படியே நின்றுவிட்டது. 'ஐ டோன்ட் சஸ்பெக்ட் ஹிம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கும்படி கெஞ்சினேன்.

"அவன் ஜெயிலுக்குப் போவணும், நான் பர்மனென்ட் ஆவணுமா?" என்று எழுந்துவிட்டார்.

கோர்ட் கூடியதும் முதல் ஆளாக நின்று, தான் தப்பாக மொழிபெயர்த்துவிட்டதாகச் சொன்னார். வக்கீல்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் ஒன்று, இப்போது ஒன்றா, உனக்கே நிச்சயமில்லையா என்று கடிந்துகொண்டார். உட்காரச் சொல்லியும் சாமிநாதன் உட்காரவில்லை. அந்த அம்மாளை மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள் என்றே நின்றார். கடைசியில் கூப்பிட்டார்கள்.

"இவன் எடுக்கமாட்டான்னுதாங்க சொன்னேன்" என்றார் குப்பம்மாள். "வருசக்கணக்கா எங்க களத்துல காவலுக்குப் படுத்துக்கினு இருக்கறவன். எடுக்கறதுன்னா இப்பதான் எடுப்பானா?"

மாஜிஸ்திரேட் அடித்து எழுதினார். வேறு சாட்சியும் இல்லை. கோவிந்தன் விடுதலையானான். எந்த ஆபத்திலிருந்து தப்பினோம் என்று அவனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

சிபாரிசு வரவேயில்லை. சாமிநாதன் விழுப்புரத்துக்குப் போய் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் சேர்ந்தார். ஒருமுறை பிளாட்பாரத்தில் பார்த்தபோது, அன்று பேசாமல் இருந்திருக்கலாமோ என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டேன். "ஒரு நாளும் தோணல" என்றவர், வண்டி வந்துவிட்டதென்று ஓடினார்.

இப்போது கோர்ட்டில் சாட்சி சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்கள். நடுவில் நின்று சொல்ல ஆள் வேண்டாம். அந்த வேலை போய்விட்டது. சாமிநாதனும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாஜிஸ்திரேட்டுக்குப் பக்கத்தில் அவர் நின்ற இடத்தில், போன தடவை பார்த்தபோது, ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.