நீங்களும் சாப்பிட வாங்க

கதை விடுகிறேன் என்று தோன்றினால் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். இதை அனுபவித்த வசந்தகுமாரிக்குக் கதை சொல்ல வராது. கத்தாரில் அல்கோர் என்ற ஊரில், ஒரு கிளினிக்கின் லேபில் வேலை. ரத்தம் எடுத்த நேரம், மெஷினில் வைத்த நேரம், ரிசல்ட் வந்த நேரம்... பதினோரு வருடமாக எழுதி எழுதிக் கைக்குப் பழகிவிட்டது. அந்த மாலையின் நேரங்களையும் அப்படித்தான் சொன்னார். ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை.

நடந்தது போன நவம்பரில். துபாயில். வியாழக்கிழமை.

பத்தாவது கல்யாண நாளுக்கு இத்தாலி போவதாக இருந்தது. அங்கே ஒபரா என்னும் இசைநாடகப் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும் என்பது வசந்தகுமாரியின் பல வருட ஆசை. கணவர் தியாகு ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை இன்ஜினியர். சரியாக அந்த மாதம், ஆலையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் ஷட்டவுன் வேலை வந்து விழுந்தது. மூன்று வாரம் கேட்ட லீவு மூன்று நாளாகச் சுருங்கியது.

துபாய் க்ரீக் என்னும் உப்பங்கழி ஓரத்தில் ஒரு பழைய ஹோட்டல். வியாழன்தோறும் இத்தாலியச் சாப்பாடு, கூடவே ஒபரா. தியாகுதான் தேடிப் பிடித்தார்.

"இத்தாலி பாதி தூரம் நம்மளத் தேடி வந்திருக்கு. மீதிய நாம போக மாட்டமா?"

வியாழன் காலை தோஹாவிலிருந்து கிளம்பினார்கள். மகள் தன்யாவுக்கு எட்டு வயது. ஒரு நாள் ஸ்கூல் போச்சு என்று அவளுக்குக் கொண்டாட்டம்.

மாலை 7.30. தரைத்தளத்தில் ஒரு நீள ஹால். நடுவில் இரண்டு வரிசையாக உருண்டைத் தூண்கள். பதினைந்து மேஜை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. மூலையில் பியானோ. அதன் அருகே பாடுகிறவர்கள் இருவர். சிவப்பு கவுனில் ஒரு பெண், கோட் போட்ட ஓர் ஆண்.

இவர்களுக்கு நால்வர் மேஜை. வசந்தகுமாரியின் இடப்பக்கம் தன்யா. எதிரே தியாகு. தியாகுவை ஒட்டி நான்காவது நாற்காலி.

பரிமாற வந்தவர் பெயர் லுக்மான். கீழக்கரைக்காரர். இவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

"நாலு தடவையா சாப்பாடு வரும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஒரு பாட்டு. பாட்டு நடக்கையில லைட்ட இறக்கிருவாங்க. நாங்க யாரும் நடமாட மாட்டோம். நீங்களும் எந்திரிக்காதீங்க."

முதல் பாட்டு 7.52க்கு. அந்தப் பெண்ணின் குரல் ஹாலை நிறைத்தது. கண்ணாடி டம்ளர் விளிம்பு லேசாக அதிர்ந்தது. தன்யா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, ஒய் இஸ் ஷி ஸ்க்ரீமிங்?"

"சாகப் போறாளாம்மா. நம்ம ஊர்த் திருவிழா நாடகத்துல ராஜா கத்திக் குத்து வாங்கிட்டு அரை மணி நேரம் பாடுவான்ல, அதேதான்."

"சும்மா இருங்க. பக்கத்துல பார்க்கறாங்க," என்றார் வசந்தகுமாரி. அவருக்கும் சிரிப்புதான்.

சிரித்துத் திரும்பியபோது பார்த்தார்.

ஹாலின் கடைசித் தூணருகே ஒருத்தி நின்றாள். கணுக்கால்வரை கறுப்பு கவுன். வாரிக் கட்டிய முடி. கைகளை வயிற்றின் மேல் கோத்திருந்தாள். ஹோட்டல் சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டார்.

8.14. பாஸ்தா வந்தது. பெரியவர்களுக்கு இரண்டு தட்டு. குழந்தைகள் தட்டும் இரண்டு. ஒன்று தன்யாவுக்கு. மற்றதை யார் கேட்டார்கள் என்று வசந்தகுமாரிக்கு நினைவில்லை.

8.21. இரண்டாவது பாட்டு. வெளிச்சம் இறங்கியது.

கறுப்பு கவுன்காரி இப்போது நடுத் தூணருகே நின்றாள். நடந்து வந்ததைப் பார்க்கவில்லை. பாடுகிறவள் பியானோ பக்கத்தில் வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். இவள் வாய் மூடியிருந்தது. ஆனால் தொண்டை அசைந்தது. பாட்டு ஏறும்போது ஏறியது. இறங்கும்போது இறங்கியது.

8.26. வெளிச்சம் வந்தது.

அவள் நான்கு எட்டு தூரத்தில் நின்றாள். இவர்கள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமாரிக்குக் கை ஓடவில்லை. அவர் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட "வாங்க, சாப்பிடலாம்" என்பார்கள். அவரும் "இப்பதான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார். அவர் சாப்பிட்டிருக்க மாட்டார். இவர்கள் வீட்டிலும் மிச்சம் இருக்காது. ஆனாலும் கேட்க வேண்டும். அவரும் மறுக்க வேண்டும். அதுதான் மரியாதை.

பழக்கம் வாயில் வந்துவிட்டது. கையும் தானாக மேஜையைக் காட்டியது.

"நீங்களும் சாப்பிட வாங்க."

அவள் மறுக்கவில்லை.

நடந்து வந்ததாக நினைவில்லை. தூணருகே இருந்தாள்... பிறகு நான்காவது நாற்காலியில் இருந்தாள்.

"யார்ட்ட பேசுற?" என்றார் தியாகு. போனில் பாட்டை வீடியோ எடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கள..."

தியாகு தலை தூக்கினார். பக்கத்தில் பார்த்தார். ரொட்டிக் கூடையை எடுக்க அந்தப் பக்கம் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஏசிய என்ன இப்படி வச்சிருக்கான்."

மெழுகுவத்திச் சுடர் அந்த நாற்காலியின் பக்கம் சாய்ந்து எரிந்தது. ஹாலில் காற்று இல்லை.

அவள் எதையும் தொடவில்லை. தட்டைப் பார்க்கவும் இல்லை. மேஜை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே... ஒரு குழந்தையின் தலை வரும் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்யா மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

"என்னடி?"

"அம்மா, ஆன்ட்டி கை சோ கோல்ட்."

வசந்தகுமாரி மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். தியாகுவைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

8.47. வெளிச்சம் இறங்கியது.

முன்பைவிட அதிகமாக இறங்கியது. மெழுகுவத்திகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது.

மகளின் கையை இறுகப் பிடித்திருந்தார். சின்ன விரல்கள். கதகதப்பு. அழுத்தினால் திருப்பி அழுத்தியது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார்... அறுபது... நூற்று இருபது... இருநூறு...

கதகதப்பு குறைந்தது.

8.51. வெளிச்சம்.

அவர் கையில் ஒரு நாப்கின் துணி இருந்தது.

தன்யாவின் நாற்காலி காலி.

கைதட்டல். எல்லோரும் பாடகர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தியாகுவும்தான்.

வசந்தகுமாரி எழுந்தார். வாசலில் இல்லை. பியானோ அருகே இல்லை. பாத்ரூமில் இல்லை. கிச்சனுக்குப் போகும் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்...

தள்ளிக்கொண்டு போனார்.

நீளமான வராந்தா. இரு பக்கமும் அடுக்கிய தட்டுகள். ஒரே ஒரு டியூப்லைட். ஹாலில் கைதட்டல் ஓயவில்லை... ஆனால் இங்கே பாட்டு கேட்டது. அதே பாட்டு. மெதுவாக. தாலாட்டு மாதிரி.

கடைசியில் தன்யா நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு. வலது கை தலைக்கு மேல் தூக்கியிருந்தது. யார் கையையோ பிடித்த மாதிரி.

அங்கே யாரும் இல்லை.

"தன்யா."

திரும்பவில்லை.

"தன்யா!"

ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அதற்கு அப்பால் இருட்டு.

வசந்தகுமாரி ஓடினார். ஓட ஓட வராந்தா குறையவே இல்லை. கடைசியில் தரையில் மண்டியிட்டார். கோயிலில் கேட்பதுபோல் இரண்டு கையையும் ஏந்தினார்.

"தெரியாமக் கூப்பிட்டுட்டேன். எம் பிள்ளைய விட்டுரு. இவள மட்டும் விட்டுரு. வேற எது வேணும்னாலும் எடுத்துக்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

பாட்டு நின்றது.

பாதி வரியில்.

தன்யாவின் கை தொப்பென்று கீழே விழுந்தது. திரும்பினாள். கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா?"

அள்ளிக்கொண்டார். உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். முகம், கழுத்து, கை, கால். எல்லாம் இருந்தது. சூடாக இருந்தது. மணி 8.58.

"ஆன்ட்டி ஓகே சொன்னாங்க," என்றாள் தன்யா.

ஹாலுக்குத் திரும்பியபோது தியாகு மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

"ரெண்டு பேரும் எங்க போனீங்க? சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

பேசும்போதே வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். அந்த நாற்காலியின் பக்கத்துத் தோள்.

"இந்தப் பக்கம் என்னமோ மரத்துப்போச்சு."

வசந்தகுமாரி லுக்மானைக் கூப்பிட்டார். கறுப்பு கவுன் போட்ட பெண் யார் என்று கேட்டார்.

"பாடுறவங்க ரெண்டே பேருதான்க்கா. கறுப்பு கவுன்ல எங்க ஸ்டாஃப் யாரும் இல்லையே." மேஜையைப் பார்த்தார். நான்கு தட்டையும் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர் கேட்காமல் போய்விட்டார்.

நான்காவது பாட்டுக்கு அவர்கள் இருக்கவில்லை.

அறையில் துப்பட்டா முனையைத் தன் கையிலும் மகள் கையிலும் முடிந்துகொண்டு படுத்தார் வசந்தகுமாரி. தூங்கவில்லை. ஆனால் பயமும் இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, உள்ளே ஏதோ காலியான மாதிரி இருந்தது. நிம்மதி என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை டிக்கெட்டை வெள்ளிக்கு மாற்றினார்கள். பகல் 11.35. துபாய் விமான நிலையம். பாஸ்போர்ட் கவுண்டரில் இருந்த அதிகாரி இவர்களைப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மறுபடி இவர்களைப் பார்த்தார். பேனாவால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார்.

"த்ரீ?"

"த்ரீ," என்றார் தியாகு.

கொஞ்ச நேரம் தயங்கினார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. முத்திரை குத்தினார். "யல்லா," என்று கையசைத்துப் போகச் சொன்னார்.

அல்கோர் வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார் வசந்தகுமாரி. இவ்வளவோடு விட்டதே என்று கும்பிட்டார். தியாகு ஷட்டவுன் வேலைக்குப் போனார். தன்யா ஸ்கூலுக்குப் போனாள். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரியில் தன்யாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டி வந்தது. குடும்பத்தின் பாஸ்போர்ட் எல்லாம் தியாகுவின் கைப்பையில் இருக்கும். துபாயிலிருந்து வந்த பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை, 5.10க்கு, வசந்தகுமாரி அதைக் கட்டிலில் கொட்டினார்.

நான்கு பாஸ்போர்ட் இருந்தன.

தியாகு. வசந்தகுமாரி. தன்யா.

நான்காவதைத் திறந்தார்.

ஒரு சின்னப் பையன். நான்கு வயது. நெற்றியில் விழுந்த முடி. தியாகுவுக்கு இருப்பதுபோல் வெளியே மடங்கிய காது. அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

பெயர் சோலைமுத்து தியாகு. சோலைமுத்து, தியாகுவின் அப்பா பெயர். பையன் பிறந்தால் அதைத்தான் வைப்பது என்று கல்யாணப் பேச்சின்போதே முடிவு செய்திருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தந்தை பெயர், தியாகு. தாய் பெயர், வசந்தகுமாரி.

உள்ளே இரண்டு முத்திரை. நவம்பர் 20, தோஹாவிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 20, துபாய்க்குள் நுழைந்தது.

மற்ற மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றிலும் நவம்பர் 21, துபாயை விட்டு வெளியேறிய முத்திரை இருந்தது.

பையனுடையதில் இல்லை.