மச்சானின் தெய்வீகக் காது

மக்களே, இப்போது சொல்லப்போவதை நீங்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். பாட்டுப் போடுவதும் நான்தான். இன்று காலை பழங்காநத்தம் வீட்டில் அந்த உரிமையைப் பறிக்க வந்தார் தங்கச்சியின் வீட்டுக்காரர்.

"மாப்ள, ஒன் பாட்டெல்லாம் அளவு சுருக்குன ஃபிளாக் ஃபைலு. சவசவன்னு கெடக்கு. சுருக்காத என் வேவ் ஃபைலத்தான் போடணும்."

"ஃபிளாக்கு மடிச்சு வச்ச வேட்டி மச்சான். விரிச்சா ஒரு நூலு கொறையாது. அதுலயும் நாம போடப்போறது கொழா ஸ்பீக்கர்ல!"

"ஒனக்குக் காது அம்புட்டுத்தான்."

என் காதையா சொன்னார்? எது வேவ் என்று காதால் கேட்டே அவர் சொல்ல வேண்டும், தோற்றவர் மைக்செட்டைத் தொடக் கூடாது என்று பந்தயம் கட்டி, துண்டால் அவர் கண்ணைக் கட்டினேன். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டேன்.

முதல் முறை, விளக்கெண்ணெய் குடித்ததுபோல் முகம் சுளித்தார்.

இரண்டாம் முறை, "இதுதாண்டா வேவு! என்னா உசுரு!" என்று அவர் அலறியதில் மாட்டுத்தாவணியில் அத்தனை பஸ்ஸும் பிரேக் அடித்தன. திருமங்கலத்தில் மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின.

இரண்டு முறையும் ஓடியது என் ஃபிளாக்தான். துண்டை அவிழ்த்துக் காட்டினேன். மனிதர் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

பஸ், மாடு எல்லாம் பொய். அவருக்கு வித்தியாசம் கேட்டது மட்டும் நிஜம். இரண்டாம் முறை நான் வால்யூமை ஒரு பொட்டுக் கூட்டியிருந்தேன்.

மைக்செட் யாருக்கு? நியாயத்தைச் சொல்லுங்கள். அவர் பக்கம் பேசுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு கிடையாது.