ரேகை இல்லாத கட்டைவிரல்

ஆரணியில் அரிசிக்குப் பஞ்சம் என்று சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தெருமுனையிலேயே ரைஸ் மில். நெல் அவியும் வாசனை யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடும். வெறும் வயிற்றில் அது படுத்தும் பாடு எனக்குத்தான் தெரியும். எங்கோ சண்டை, கப்பல் நின்றுவிட்டது, ஜனங்கள் பட்டினி என்று டிவியில் சொல்வார்கள். என் பட்டினிக்குக் கப்பல் எதுவும் நிற்க வேண்டியிருக்கவில்லை. என் கட்டைவிரலே போதும்.

நான் பாவு பிணைப்பவள். தறியில் பழைய பாவு தீர்ந்ததும், அதன் நுனியோடு புதுப் பட்டிழையைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். முறுக்கி முறுக்கி ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினுக்கு என்னைத் தெரியவில்லை. கூலி வாடகைக்கே சரியாகிவிடும். அந்த இலவச அரிசி வந்தால்தான் மாதம் முழுக்க உலை வைக்க முடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

அன்றைக்கும் போய் நின்றேன். விரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தேன். முந்தானையில் துடைத்து வைத்தேன். மெஷின் ஏற்கவில்லை.

"வீட்ல வேற யாராச்சும் இருந்தா இட்டுகினு வாங்கம்மா. அவங்க கை வச்சாலும் போதும்," என்றார் கடைக்காரர்.

கார்டில் நான் மட்டும்தான். வீட்டுக்காரர் இறந்ததும் அவர் பெயர் போனது. கல்யாணமானதும் மகளின் பெயர் பெங்களூருக்குப் போனது.

"அப்போ உங்களுக்குப் பதிலா வாங்கிக்க ஒரு ஆள சொல்லுங்க. பேர எழுதி ஆபீஸ்ல குடுக்கறேன்."

பிறந்ததிலிருந்து இதே ஊர். எத்தனையோ வீட்டுத் தறிகளில் உட்கார்ந்திருக்கிறேன். மனதுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் கூலி வாங்கிக்கொண்டு எழுந்து வந்த வீடுகள். உரிமையோடு கேட்க ஒரு வாசல் இல்லை. அரிசி இல்லை என்றபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

"ஜல்தி சொல்லுக்கா, வெயிலு மண்டைய பொளக்குது," என்றாள் பின்னால் நின்ற பெண். எனக்கு முன்பின் தெரியாதவள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளு இல்லன்னா என் பேர எழுதுங்க. நான் மாசாமாசம் வந்துகினுதான கீறேன்," என்றாள்.

கடைக்காரர் பேனாவை எடுத்தார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன்.