கால் கனக்கிறது என்றுதான் சொன்னேன்

நான் குண்டு. பூசினாற்போல, கொஞ்சம் சதைப்பிடிப்பு என்றெல்லாம் மரியாதை பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். பதினாறு வயதிலேயே பாவாடை நாடா ஒன்று போதாமல் இரண்டை முடிச்சுப் போட்டுக் கட்டியவள் நான். கல்யாணமாகி அந்தமானுக்குக் கப்பலேறும்போது எண்பது கிலோ. ஒன்பது வருஷம் கழித்து, இதெல்லாம் நடந்த சமயத்தில், நூற்றுப் பதினாலு. அதுவும் ரேஷன் கோடவுனில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று கண்டுபிடித்தது. டிஸ்பென்சரி மிஷினில் முள் கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கப்பலிலிருந்து இறங்கும் ஏணியில் முதன்முதலாக நான் கால் வைத்தபோது கீழே நின்ற கூலிக்காரன் ஒருவன், "பாரி ஹை, பாரி ஹை" என்று கூவினான். என் டிரங்குப் பெட்டியைச் சொல்கிறான் என்று நினைத்து, "உள்ள வெங்கலப் பாத்திரம் இருக்கு, பாத்து எறக்கு" என்று நானும் தமிழில் கத்தினேன். பெட்டி அப்போதே கரைக்குப் போயிருந்தது. பாரி என்றால் கனம். இந்தியில் நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு கடையில், படகில், தெருக்குழாயில் என்று எங்கே போனாலும் என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் கேட்டதால் மறக்க வழியே இல்லை.

வீட்டுக்காரருக்கு மராமத்து இலாகா ஸ்டோரில் கிளார்க் வேலை. பாம்பூஃப்ளாட் படகுத்துறையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி மரப்பலகை அடித்த குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடுகளில் வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று எல்லாரும் இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேச இந்திதான். நானும் பேசினேன். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இந்திச் சொல்லை வைப்பேன். அது இந்தியாகிவிடும் என்று நம்பினேன். உடம்பில் உள்ள எல்லா உறுப்புக்கும் பெயர் தெரியும். கண்ணுக்கு ஆங்க், கைக்கு ஹாத், காலுக்குப் பேர். நாம் கூப்பிடுகிற பேரைக் கொண்டுபோய்க் காலுக்கு வைத்திருக்கிறார்களே என்று ஆரம்பத்தில் சிரிப்பாய் வரும்.

ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. மெயின்லேண்டிலிருந்து மாமியார் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், "அவளுக்குக் கொழுப்பு கர்ப்பப்பையை அடைத்திருக்கும், சோற்றைக் குறைக்கச் சொல்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வீம்புக்கு இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன். குறைத்தும் பார்த்தேன், அது யாருக்கும் தெரியாது. எனக்கு மாதவிலக்கு எப்போதுமே ஒழுங்கில்லை. நாலு மாதம் வராமல் இருந்துவிட்டுத் திடீரென்று வரும். அதனால் அந்தத் தடவை நின்றபோதும் நான் எதையும் நினைக்கவில்லை. வயிறு பெருத்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே இருந்த வயிறு அப்படி.

வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. வாயு என்று நினைத்தேன். ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்து வேளாவேளைக்குக் குடித்தேன். இரண்டு மாதம் குடித்திருக்கிறேன். என் பிள்ளை உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டதற்கெல்லாம் நான் ஓமத் தண்ணீர் கொடுத்து அடக்கப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவப் பெண் இருந்தாள். புருஷன் சொந்தப் படகில் மீன் பிடிப்பவர். நாலு பெற்றவள். ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் வாயு என்று முனகினேன். அவள் கீரைக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் வயிற்றில் வைத்து அழுத்தினாள். இன்னொரு பக்கமும் அழுத்திப் பார்த்தாள்.

"யக்கா, வாயுவுக்கு எங்கக்கா முழங்கை மொளைக்கும்?" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"மாதாவே! புள்ளக்கா. ஆறு மாசம் இருக்கும். இப்பிடி ஒருத்தி இருப்பாளா!"

அவள் சிரித்தாள், நான் அழுதேன். பிறகு அவள் அழுதாள், நான் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே மணைமேல் உட்கார்ந்துவிட்டார். "நெசமாவா?" என்று மட்டும் நாலு தடவை கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இனி ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று தெருவே சொன்னது. சாப்பிடு என்று என்னிடம் யாராவது சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு வயதான நர்ஸ் இருந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டிலேயே இந்திதான். நல்ல மனுஷி. என்னை "பேட்டி, பேட்டி" என்று மகளே போட்டுத்தான் கூப்பிடுவார். ஆனால் என் உடம்பு அவருக்கு வசப்படவில்லை. ரத்தக்கொதிப்பு பார்க்கும் பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை. இழுத்துப் பிடித்தார், பிய்த்துக்கொண்டு வந்தது. சரி விடு என்று வைத்துவிட்டார். வயிற்றை அமுக்கித் தலை எங்கே என்று தேடினார். மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். கேட்டதோ கேட்கவில்லையோ, "சப் டீக் ஹை" என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நான் நம்பினேன். அதைக் கேட்கத்தானே அத்தனை தூரம் நடந்து போனேன்.

எட்டாவது மாதம் முடிகிற சமயம் கால் கனக்க ஆரம்பித்தது. என் கால் எப்போதும் தடிமன்தான். ஆனால் இது வேறு. ஈரமணலை உள்ளே கொட்டிக் கட்டினாற்போல இருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து கம்பி வெட்டும் கொறடு கொண்டுவந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, இரண்டு மெட்டியையும் நறுக்கி எடுத்தார். மறுநாள் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் பார்க்கும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு போனேன். கால் என்றால் பேர். கனம் என்றால் பாரி. இதில் என்ன கஷ்டம்?

"சிஸ்டர், மேரா பேர் பாரி ஹை," என்றேன். போதாதென்று, "பஹுத் பாரி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நர்ஸ் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைத் தட்டிச் சிரித்தார். "அரே பேட்டி, பேர் பாரி ஹை, தபீ தோ ஆயீ ஹோ!" அதனால்தானே இங்கே வந்திருக்கிறாய் என்றார். மருந்து கட்டுகிற பெண்ணையும் கூப்பிட்டு நான் சொன்னதைச் சொன்னார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கர்ப்பிணி என்றால் கால் கனப்பது சகஜம்போல, இதைப் போய்ப் பெரிதாகச் சொல்ல வந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. என் கன்னத்தைக் கிள்ளி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

"என்ன சொன்னாங்க?" என்று மரத்தடியில் கேட்டார் வீட்டுக்காரர்.

"எல்லாருக்கும் அப்படித்தானாம். சிரிக்கிறாங்க."

"அப்பாடா," என்றார்.

அதற்கப்புறம் ஐந்து நாள். தலைவலி மண்டையைப் பிளந்தது. கண்ணில் பொறி பறந்தது. இதுவும் சகஜமாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் காலையில் மழை. அடுப்பில் உலை வைத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. பேறுகால ஜன்னி கண்டு கையும் காலும் வெட்டி இழுத்ததையும், நாக்கைக் கடித்துக்கொண்டதையும், என்னைத் தூக்க ஆளும் கட்டிலும் போதாமல் தூத்துக்குடிக்காரியின் புருஷன் தன் வலையை நாலாய் மடித்து விரித்து, ஆறு பேர் பிடித்துத் தூக்கி, படகிலேயே அக்கரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. இரண்டு நாள் கழிந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. முதலில் வயிற்றைத் தொட்டேன். வயிறு இருந்தது. எப்போதும்போல மலையாட்டம் இருந்தது. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன். வேறு எந்தப் பெண்ணுக்கும் கை வைத்ததும் தெரிந்திருக்கும். என் வயிறு என்னிடம் பொய் சொன்னது. நான் அதைத் தடவிக்கொண்டு, வீங்கிய நாக்கால், "பயப்படாதடா, அம்மாவுக்கு லேசா மயக்கம்" என்று பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பேசினேனோ. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணு," என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"உசிரு இல்லாமத்தான் எடுத்தாங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டேன். உனக்கு நெனவு வரட்டும்னு இருந்து பாத்தேன்... வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க."

நான் பார்க்கவில்லை. அவர் மட்டும்தான் பார்த்தார். எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"சின்னதா," என்றார். முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை தடவிக் காட்டினார். "இதுக்குள்ள அடங்கிட்டா. ஒல்லியா, எலும்பும் தோலுமா இருந்தா."

நூற்றுப் பதினாலு கிலோக்காரியின் மகள் எலும்பும் தோலும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் தின்றதெல்லாம் எங்கே போயிற்று? நானே தின்றுவிட்டேனா? அவர் தோளைப் பிடித்து உலுக்கி இதைக் கேட்டேன். அவர் அழுதார். ஒன்பது வருஷம் என் பருமனை ஒரு வார்த்தை குத்திச் சொல்லாத மனுஷன். அன்றைக்காவது திட்டியிருக்கலாம். இரண்டாம் நாள் பால் வேறு சுரந்தது. துணி வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் மெட்ராஸ்காரப் பெண் டாக்டர் ஒருவர். பட்டைக்குப் பட்டை சேர்த்துத் தைத்து எனக்கு ரத்தக்கொதிப்பு பார்த்தவர். என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வீங்கியிருக்கேம்மா, யார்கிட்டயும் சொல்லலியா? முன்னாடியே அனுப்பியிருந்தா..." என்று நிறுத்தினார்.

"சொன்னேன் டாக்டர். டிஸ்பென்சரி சிஸ்டர்கிட்டச் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"மேரா பேர் பாரி ஹைன்னு."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இந்தியில பொம்பளைங்க அப்படிச் சொன்னா, முழுகாம இருக்கேன்னு அர்த்தம்மா. வீக்கத்துக்கு சூஜன்னு சொல்லணும்," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் ஒருத்தி வந்து நான் முழுகாமல் இருக்கிறேன் என்றால் நாம் குளிக்க வெந்நீரா போட்டுக் கொடுப்போம்? கையைத் தட்டிச் சிரிக்கத்தானே செய்வோம்? நர்ஸும் அதைத்தான் செய்தார். எட்டு மாதக்காரி ஒருத்தி வந்து நான் கர்ப்பமாக இருக்கிறேன், ரொம்பக் கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சொல்லத் தெரியாத என் வாயின்மேல்தான் எனக்கு ஆத்திரம். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த நல்ல மனுஷியின்மேலும் உண்டு. குனிந்து என் காலைப் பார்த்திருக்கலாம். பார்த்தாரோ என்னவோ. குண்டுக்காரியின் கால் குண்டாகத்தானே இருக்கும் என்று விட்டிருப்பார். சூஜன், சூஜன் என்று படுக்கையில் கிடந்தபடி நாளெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு சின்னச் சொல்! இனி பிள்ளை வேண்டாம், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாத்தம் துறையில் படகு ஏறினோம். ஆபீஸ் விடும் நேரம், உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் இருந்த ஒரு வங்காளிப் பெண் என்னைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள்.

"பைட்டோ தீதி, பைட்டோ," என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் படகில் எனக்காக யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. என் வயிற்றைப் பார்த்து, "கித்னா மஹீனா?" என்று கேட்டாள். எத்தனை மாதம் என்கிறாள்.

வீட்டுக்காரர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நவ்," என்றேன். ஒன்பது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் வயிற்றில் கையை வைத்து, "லட்கா ஹோகா" என்றாள். பையன் பிறப்பானாம்.

"பொண்ணுக்கா," என்றேன் தமிழில். "பொண்ணுதான்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துத் தலையாட்டிவிட்டு, பாம்பூஃப்ளாட் வரும்வரை கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.