ஜெர்மன் தாத்தாவின் போலந்து

எனாமல் பெயிண்ட் வாசனை அடித்தால் எனக்குப் போலந்து ஞாபகம் வரும். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில், மைசூர் அக்ரஹாரத்தில், எங்கள் எதிர்வீட்டில் அது ஒரு தாத்தாவாகக் குடியிருந்தது.

இளம் வயதில் ஜெர்மானியரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர். தோற்று, கடல் கடலாக அலைந்து, இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். அந்த வீரத்துக்கு எங்கள் தெரு கொடுத்த பட்டம்: ஜெர்மன் தாத்தா. ஆள் வெள்ளை, இங்கிலீஷ் மட்டும் சற்று முரடு. வேறு யாராக இருக்க முடியும்? "நான் போலிஷ்" என்று திருத்துவார். பாலிஷ் எங்கே என்று நாங்கள் அவருடைய ஷூவைப் பார்ப்போம்.

பிள்ளையார் விழாவில் வருஷத்துக்கு ஒரு பெரியவருக்கு மைசூர்த் தலைப்பாகையான ஜரிகைப் பேட்டா கட்டி, சால்வை போர்த்துவோம். அந்த வருஷம் அவர் முறை. மேடை பேனரில் கன்னடத்தில் கொட்டை எழுத்து: 'ஜெர்மன் வீரர்.' பாவம், அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்.

"இதை மாத்து. இல்லேன்னா ஏற மாட்டேன்."

விழாக் காரியதரிசி சேலத்திலிருந்து வந்த கட்டட காண்ட்ராக்டர். "விடுங்க தாத்தா. எங்களயுந்தான் இங்க மதராசிங்கறாங்க. நாங்க மேடை ஏறாமயா இருக்கோம்?"

"என் தம்பியச் சுட்டவன் பேரு அது. அதுக்கா சால்வை?"

காரியதரிசி உடனே ஒத்துக்கொண்டார். மைசூர் கண்ட அபூர்வக் காட்சிகளில் ஒன்று. பெயிண்டரிடம் ஆள் ஓடிற்று: "போலிஷ்னு மாத்தச் சொல்லு."

பெயிண்டர் படித்தவர். பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். சாயங்காலம் ஈரம் காயாத பேனர் ஏறியது: 'ஓய்வுபெற்ற போலீஸ் வீரர்.' 'ஓய்வுபெற்ற' அவருடைய சொந்தக் கருணை.

தாத்தா நின்று முழுதும் படித்தார். பிறகு மைக் கூப்பிடக் கூப்பிட வீட்டுக்கு நடந்தார். பேட்டாவையும் பழத்தட்டையும் தூக்கிக்கொண்டு காரியதரிசி பின்னாலேயே ஓடினார். வேடிக்கை பார்க்க நானும்.

"போலீஸ்னா கௌரவந்தானே தாத்தா, ஓசி வெத்தலைகூடக் கெடைக்கும்."

"கௌரவம் வேணாம்ப்பா. ஊர் பேரு போதும்."

தாத்தா வாசற்கதவைச் சாத்தப் போனார். காரியதரிசி குரலை இறக்கினார்.

"மைக்ல நானே சொல்லிடறேன் தாத்தா. இன்னொருக்கா சொல்லுங்க, மனசுல வாங்கிக்கறேன்."

"போ-லந்-து."

"ஹாலந்து. ஆச்சு. வரேன் தாத்தா."