நான் குடியிராத வீட்டில் ஒரு ரிவால்வர்

சென்ற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகம் முடிந்து, பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் உள்ள வீட்டின் மாடிப்படி ஏறுகிறேன். எதிர்வீட்டு யோசேப்பு வழியை மறித்து நிற்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், உணவகத்தில் வேலை. முகத்தில் வெற்றிக் களை.

“அண்ணை, உங்களைத் தேடிப் பொலிஸ் வந்தது. நீங்கள் ரிவோல்வர் வச்சிருக்கிறீங்களாம்! நாங்கள் காட்டிக்குடுக்கேல்லை. நாலு வீட்டுக்காரரும் ஒரே சொல்லு... அப்பிடி ஒராள் இஞ்சை இல்லை!”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால், என்னிடம் ரிவால்வர் இருப்பது உண்மை.

பதறாதீர்கள். முறையான அனுமதியோடுதான்! அமெரிக்காவில் முயலும் அணிலும் சுடுவதற்கென்று செய்தது. நீளக் குழல், துவரம்பருப்பு அளவுக்குக் குண்டு. பிரான்சில் கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போக முடியாது. ஆகவே ஞாயிறுதோறும் அதைப் பெட்டியில் பூட்டி, ஸ்தேன் புறநகரில் உள்ள துப்பாக்கிச் சுடும் சங்கத்துக்குப் போய்க் காகிதத்தைச் சுடுகிறேன். காற்று, தூரம், விழுந்த இடம் எல்லாம் டயரியில் ஏறும். சங்கத்தில் எல்லோரிடமும் தடித்தடியான பிஸ்டல்கள். “முசியே, முயல் நலமா?” என்று என்னை விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும். இப்படி ஒன்று அங்கே வேறு யாரிடமும் இல்லையே!

போலீஸ்காரர் வந்தது என்னைப் பிடிக்க அல்ல. அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். சொன்ன விலாசத்தில் வசிக்கிறேனா, பூட்டுப் போட்ட அலமாரி உண்டா என்று பார்க்க வந்தவர். ஆளே இல்லை என்றால் அனுமதியும் இல்லை. ரிவால்வரை ஒப்படைக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்கு ஓடினேன். விலாசத்துக்குச் சான்றாகக் காஸ் பில்லை நீட்டினேன். அதிகாரி அசையவில்லை.

“இந்தக் காகிதத்தை நம்புவதா, நான்கு குடும்பங்களை நம்புவதா? அவர்களில் ஒருவரை அழைத்து வாருங்கள்.”

யாரை அழைப்பது? யோசேப்பிடம் இருப்பதே ஒரு தற்காலிக வதிவிடத் தாள். போலீஸ் வண்டியைத் தூரத்தில் கண்டாலே தெரு மாறி நடப்பவர். ஆனால் கேட்டதும் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“பிழை விட்டது நாங்கள். நாங்கள்தானே வந்து சொல்லவேணும்!”

அவருக்குப் பிரெஞ்சு போதாது. ஆகவே என்னைப் பற்றிய சாட்சியத்தை நானே மொழிபெயர்க்கும் நிலை.

“நேற்று இல்லை என்றீர்கள், இன்று இருக்கிறார் என்கிறீர்கள். எப்படி?” என்றார் அதிகாரி.

யோசேப்பு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நேற்று நீங்கள் துவக்கு வச்சிருக்கிற ஆளைக் கேட்டனீங்கள். எங்களுக்குத் தெரிஞ்சவர் படியிலை காணேக்கை போன்ழூர் சொல்லுற ஆள். அவர் இவர்தான் எண்டு நாங்கள் கண்டமோ?”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டார். மாலையே வீட்டுக்கு வந்தார். அலமாரியைத் திறந்தேன். வாசலில் நான்கு வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்கள். யோசேப்பின் முகம் விழுந்துவிட்டது.

“இவ்வளவுதானோ அண்ணை? இதுக்கோ நாங்கள் பொய் சொன்னனாங்கள்?”

அடுத்த ஞாயிறு அவரையும் சங்கத்துக்கு அழைத்துப் போனேன். மானம் போகிற விஷயமல்லவா! நிதானமாக ஆறு குண்டு. ஆறும் கறுப்பு வட்டத்துக்குள். அவர் காகிதத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வடிவாத்தான் சுடுறீங்கள். எண்டாலும் கறிக்குக் காணாது!” சங்கத்துக்காரர்களுக்கு அதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

பாரிஸில் பத்து வருடம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று புலம்புகிறோம். எனக்கோ, நான் இல்லவே இல்லை என்று சாதிக்க நான்கு வீடு! இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

நேற்று புதிய அனுமதி பதிவுத் தபாலில் வந்ததாம். நானும் யோசேப்பும் கடைக்குப் போயிருந்தோம். தபால்காரர் எதிர்க்கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவர், ஊரிலிருந்து போன வாரம் வந்திறங்கிய யோசேப்பின் மச்சான். சீருடையைப் பார்த்திருக்கிறார்... அப்படி ஒராள் இங்கே இல்லையாம்.