கேபினெட்டோடு இலவசமாக வந்த பெட்டி

என் கணவர் கால் சென்டர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: கார் ரேஸ் விளையாட ஒரு கம்ப்யூட்டர்.

பாகங்களாக வாங்கினால் மலிவு என்று என் தம்பியோடு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுக்குப் போனேன். மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்குமே கையிருப்பு கரைந்துவிட்டது.

"அக்கா, பவர் சப்ளை மட்டும் நல்லதா தனியா வாங்கிடலாம். அதுதான் எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குது," என்றான் தம்பி.

"எல்லாத்தையும் உள்ள வைக்கிற கேபினெட் கூடவே பவர் சப்ளை ஃப்ரீயா வருதே மேடம், தனியா எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

இலவசமே போதும் என்றேன்.

கட்டிலருகே பொருத்தினோம். தலையணையில் சாய்ந்தபடி அவர் விளையாடினார். சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்டது. இரண்டாம் வாரம் ஒரு பந்தயத்தின் நடுவில் கம்ப்யூட்டருக்குள் ஏதோ 'டப்'பென்று வெடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அறை முழுக்கப் புகை. எழுந்து நகர முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். அவர் தப்பினார். வெடித்த அந்த இலவச பவர் சப்ளைப் பெட்டியோடு மதர்போர்டும் கார்டும் கருகிவிட்டன.

"வேற வாங்கிடலாங்க," என்றேன் பிறகு.

"வேணாம் விடு. அதுலயும் ஆக்சிடென்ட்தானே எனக்கு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது யார் கம்ப்யூட்டர் வாங்கப் போனாலும், முதலில் நல்ல பவர் சப்ளை வாங்குங்கள் என்கிறேன். அவரைத் தனியே விட்டுப் போகும்போது அறையில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். ஃபேன் மட்டும் ஓடும். நாள் முழுக்க அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு